ஏழு தட்டில் வந்த அமைதி

லிப்டு பராமரிக்கிற எங்கள் கம்பெனியில் அண்ணனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, லிப்டுக்கு எண்ணெய் போடுவது. கேட்க லேசாக இருக்கும். லிப்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, உச்சி மாடியிலிருந்து அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கிக்கொண்டே, இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் மாடிக்கு மாடி கதவு ஓடுகிற பள்ளத்தைக் கம்பி பிரஷால் சுரண்டி அழுக்கை எடுக்க வேண்டும். கடைசியில் அடிக்குழிக்குள் இறங்கி, ஜனங்கள் தவறவிட்ட பேனா, சீப்பு, ஒற்றைக் கம்மல் எல்லாவற்றையும் பொறுக்கி வாட்ச்மேனிடம் ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார். போன் கெடுக்கும்வரை.

நான் அதே கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவள். ஒரு பல்பு, ஒரு பட்டன்கூட என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. எல்லாருக்கும் நான் ஸ்டோர் அக்கா. எண்ணெய் போடுகிற அண்ணன் என்னைவிட ஏழு வயது பெரியவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்கள் எங்களில் யார் மூத்தவர் என்று தெரியாமல் முழிப்பார்கள்.

அவருக்கு மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. எந்தக் கட்டடமானாலும் மொட்டைமாடியில் லிப்டுக்கான மெஷின் அறை ஒன்று இருக்கும். அங்கே சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் பேனல். லிப்டின் மூளை முழுக்க அதற்குள். அதன் சாவி எங்கள் தலைமை மெக்கானிக் இடுப்பில் தொங்கும். அதனால் அவருக்குப் பேனல்காரர் என்று பெயர். அவர் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் தள்ளி நின்றார். மெக்கானிக் கிரேடு கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தார், நாலு தடவையும் டிப்ளமோ இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மேனேஜர் சிபாரிசு செய்தால் டிப்ளமோ இல்லாமலும் கொடுக்கலாம் என்று விதியில் ஒரு மூலையில் இருந்தது. ஆனால் ஐம்பது வயதுக்குள் கிடைக்க வேண்டும். அவருக்கு ஐம்பதுக்கு ஐந்து மாதம் பாக்கி.

"சம்பளம் ஏத்தலைன்னா பரவால்ல அக்கா. சாவி ஒண்ணு குடுத்தா போதும்" என்று ஒரு நாள் என் மேஜைமேல் சாய்ந்துகொண்டு சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தால்தான் அப்புறம் நடந்த கூத்துக்கெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டோருக்குள் புயலாக வந்தார். கையில் போன்.

"அக்கா, இங்க பாருங்க. செட்டிங்ஸ்ல போய், போனைப் பத்தின்னு ஒண்ணு இருக்கா? அதுக்குள்ள பில்டு நம்பர்னு கடைசியில ஒண்ணு இருக்கா? அதை ஏழு தடவை தட்டணும்."

"எதுக்கு?"

"தட்டுறேன் பாருங்க."

தட்டினார். மூன்று தட்டுவரைக்கும் போன் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் இன்னும் மூன்று, இன்னும் இரண்டு என்று கீழே எழுத்து வந்தது. ஏழாவது தட்டில், நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போன் அறிவித்தது. இருபத்திரண்டு வருஷம் எண்ணெய் போட்டவரை எங்கள் கம்பெனி ஆக்காததை, அந்தப் போன் மூன்று விநாடியில் ஆக்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கால் தரையில் பாவவில்லை.

"உள்ள ஒரு தனி மெனுவே ஒளிச்சு வச்சிருக்கான் அக்கா. எத்தனை சுவிட்சு தெரியுமா? எண்ணி முடியல."

"ஒளிச்சு வச்சிருக்கான்னா நாம தொடக்கூடாதுன்னுதானே அண்ணே வச்சிருக்கான்?"

"பேனலையும் அப்படித்தான் பூட்டி வச்சிருக்காங்க" என்றார். என்னுடையது பட்டன் போன், எட்டு வருஷமாக என்னோடு கிடக்கிறது. அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, இதில் ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லையே என்று அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

முதல் சிகிச்சை அவர் வீட்டிலேயே நடந்தது. அவர் மனைவி, எங்கள் அண்ணி, பக்கத்துக் கடைக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் தையல் கடை வைத்திருக்கிறார். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தெரியாமல் சேர்ப்பது. எட்டடிக்கு ஆறடி அறை, ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, வாசலில் ஒரு ஸ்டூல். நான் பையின் வார் தைக்கப் போனபோது அண்ணி போனைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"பாருங்க இந்த லட்சணத்தை. எங்க தொட்டாலும் கோடு கோடா வருது. மேல நம்பர் நம்பரா ஓடுது. என்னங்க இதுன்னு கேட்டா, நீ எங்க தொடுறேன்னு உனக்குத் தெரியணும்ல அப்படிங்கிறார். எனக்குத் தெரியாதா நான் எங்க தொடுறேன்னு? என் விரலுங்க இது."

"எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"எடுத்தார். எடுத்ததும் எழுத்தெல்லாம் வலப்பக்கத்துக்கு ஓடிப்போச்சு, படமெல்லாம் இடப்பக்கம் வந்துடுச்சு. மூணு நாளா கண்ணாடியில பார்த்து நடக்குற மாதிரி இருக்கு." இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணிக்குக் கோபம் வந்தாலும் கடைசியில் சிரிப்பில்தான் போய் முடியும். "ஏதோ மனுஷன் சந்தோஷமா இருக்கார். இத்தனை வருஷமா சாவி சாவின்னு புலம்பிட்டே இருந்தார். இப்ப அந்தப் பேச்சே இல்ல."

ஆபீஸில் அவர் புகழ் பரவியது வேறு வழியாக. அந்த ரகசிய மெனுவில் திரை அசைவின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிற இடம் ஒன்று உண்டாம். குறைத்தால் போன் பறப்பதுபோலத் தெரியும். உண்மையில் வேகம் ஒன்றும் கூடாது, படம் ஆடி அசைந்து வருகிற நேரம்தான் குறையும். இதை அவரே என்னிடம் சொன்னார், மற்றவர்களிடம் சொல்லவில்லை. மெக்கானிக்குகள் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு போனையும் வாங்கி, ஏழு தட்டுத் தட்டி, முகத்தைக் கொஞ்சம் சுளித்து, "ம்ம், ரொம்பக் கெட்டுப்போயிருக்கே" என்று முனகி, திருப்பிக் கொடுப்பார். அவருக்கு ஏழுதட்டு என்ற பெயர் அந்த வாரம்தான் ஒட்டிக்கொண்டது. டிப்ளமோக்காரர்கள் அவர் பெஞ்சைச் சுற்றிக் கைகட்டி நிற்க, அவர் நிமிர்ந்து பார்க்காமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார். பேனல்காரரிடமே சொன்னார். பேனல்காரரும் தள்ளி நின்றார்.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனி ஆப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மேனேஜரின் மச்சான் செய்து கொடுத்தது. லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் சிவப்புப் பட்டனை அழுத்துவார்கள். அழுத்தினால் எல்லா மெக்கானிக் போனிலும் சேர்ந்தாற்போல ஓர் அலறல் கேட்கும். யாராவது ஒருவர் "ஏற்றுக்கொண்டேன்" என்று தட்டும்வரை அது நிற்காது. தட்டிய பிறகுதான் அது புகார் என்று கணக்கில் ஏறும். தட்டவில்லை என்றால் புகாரே இல்லை. இந்த அதிசயத்தை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை, நான் உட்பட. அலறுகிற போனை யார் தட்டாமல் விடுவார்கள்? ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டாலோ, தயவுசெய்து லிப்டில் உள்ள சிவப்புப் பட்டனை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிடும்.

மெக்கானிக்குகளுக்கு அந்த அலறல் பிடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அலறும், குளிக்கப் போனால் அலறும். அதோடு ஆப் சார்ஜையும் குடித்தது. காலையில் நிறைத்த போன் மத்தியானம் செத்துப்போகும். "அண்ணே, இதுக்கு உங்க மெனுவுல ஏதாவது மருந்து இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்டது அவரிடம். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் மருந்து கேட்டதில்லை.

தேடினார். கிடைத்தது. நாம் பார்க்காத நேரத்தில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற ஆப்புகளுக்கு வரம்பு வைக்கிற இடம் அது. நாலு ஓடலாம், மூன்று ஓடலாம், ஒன்றுமே ஓடக்கூடாது என்று பட்டியல். அவர் ஒன்றுமே ஓடக்கூடாது என்பதைத் தொட்டார். ஏன் அதைத் தொட்டீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "கொஞ்சமா செஞ்சா நமக்குத் தெரியலைன்னு நினைப்பாங்க அக்கா" என்றார்.

அன்றிலிருந்து போன்கள் குளிர்ந்து கிடந்தன. சார்ஜ் இரண்டு நாள் நின்றது. மெக்கானிக்குகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். போனை ஒரு தடவை அணைத்துப் போட்டால் அந்த வரம்பு போய்விடும், மறுபடியும் அவரிடம் வந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் தினமும் காலை எட்டரைக்கு அவர் பெஞ்சு முன்னால் கூட்டம். அவர் எண்ணெய் டப்பா வாங்க என்னிடம் வருவது குறைந்தது. வாரத்துக்கு ஆறு டப்பா போன இடத்தில் இரண்டு, அப்புறம் ஒன்று. "என்ன அண்ணே, லிப்டெல்லாம் எண்ணெய் வேண்டாம்னு சொல்லிடுச்சா?" என்று குத்திக் கேட்டேன். "போடலாம் அக்கா, போடலாம். இங்க பத்து பேர் நிக்கிறாங்க" என்றார். நான் மேலே பேசவில்லை. அங்கே விட்டேன் பாருங்கள், அது என் தப்பு.

முதல் வாரம் புகார் முப்பதிலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்து பூஜ்யம். மேனேஜர் அறையில் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருப்பார், சிவப்புக் கோடு போட்டு. அந்தக் கோடு இறங்கி இறங்கித் தரையைத் தொட்டு, அப்படியே படுத்துவிட்டது. ஒரு மனுஷனாவது கேட்க வேண்டாமா, நாங்கள் பார்க்கிற நூற்றெண்பது லிப்டும் திடீரென்று எப்படித் திருந்தியது என்று? கேட்கவில்லை. மெக்கானிக்கின் சொந்த நம்பர் தெரிந்த கட்டடக்காரர்கள் நேராகக் கூப்பிட்டார்கள், இவர்கள் போய்ச் சரி செய்துவிட்டு வந்தார்கள், அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆப் அமைதியாக இருப்பதை லிப்டு அமைதியாக இருப்பதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தலைமை ஆபீஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். எப்படிச் சாதித்தீர்கள் என்று மேலிடத்தில் கேட்டபோது, பழைய தொழிலாளர்களை ஊக்கப்படுத்தினேன் என்று சொன்னாராம். யாரை என்று கேட்டபோது வாயில் வந்த பெயர் அண்ணனுடையது. பெயரைச் சொன்ன பிறகு சிபாரிசு எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினார்.

இப்படித்தான் அண்ணனுக்கு மெக்கானிக் கிரேடு கிடைத்தது. ஐம்பதுக்கு இருபத்தொரு நாள் இருக்கும்போது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஹாலில் சின்ன விழா. மேஜைமேல் ஒரு கேக், அதன்மேல் வெள்ளைக் கிரீமில் பெரிய பூஜ்யம். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். காலர் கொஞ்சம் இறுக்கியது, விரலை விட்டு விட்டுத் தளர்த்திக்கொண்டார். மேனேஜர் பேசினார். "இந்த மாசம் ஒரு புகார் இல்ல. ஒரு சத்தம் இல்ல. இதோ இங்க பதினாலு போன் இருக்கு, ஏதாவது அலறுதா?" என்று காதில் கையை வைத்துக் கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பேனல்காரர் எழுந்து, சிவப்பு ரிப்பன் கட்டிய புதுச் சாவியை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் என் பட்டன் போன் அடித்தது.

"ஸ்டோரா? தையல் கடை கட்டடத்து வாட்ச்மேன் பேசுறேன். போன மாசம் பல்பு அனுப்புனீங்கல்ல, அந்தச் சீட்டுல இந்த நம்பர் இருந்துச்சு. லிப்டு நின்னு ஒன்றரை மணி நேரமாச்சுங்க. உள்ள அஞ்சாறு பேர் இருக்காங்க. உள்ள போன் சிக்னல் எடுக்கலையாம், பட்டனை அழுத்திட்டே இருக்காங்க. உங்க ஆளுங்க வரவே இல்ல. ஆபீஸுக்கு அடிச்சா பட்டனை அழுத்துன்னு ஒரு அம்மா சொல்லுது."

"எத்தனாவது மாடி?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. தையல்காரம்மாவும் உள்ளதாங்க இருக்காங்க."

நான் ஹாலில் நின்று அப்படியே சொன்னேன். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. மேனேஜர் கத்தியைக் கேக்கின்மேல் வைத்தபடி நின்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "வரலையே. எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். பேனல்காரர் தன் போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். திறந்த மாத்திரத்தில் அது அலறியது. இன்னொருவர் திறந்தார், அதுவும் அலறியது. பதினாலு போனும் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. திரையில் ஒரே கட்டடத்தின் பெயர், பத்து மணி ஒரு நிமிஷத்திலிருந்து வரிசையாக, நாற்பது தடவைக்கு மேல். அதற்குக் கீழே வேறு கட்டடங்கள், வேறு தேதிகள், இறங்கிக்கொண்டே போனது.

அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அவர் வைத்த வரம்பு, பின்னால் காத்திருந்த கம்பெனி ஆப்பையும் சேர்த்துத் தூங்க வைத்திருந்தது. ஹாலை விட்டு ஓடினார்.

அந்தக் கட்டடம் எங்களுக்கு ஐந்து நிமிஷ ஓட்டம். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது அவர் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டிருந்தார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை ஒருவர் நெம்பிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கனமான சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை ஒரு மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் பேனலைத் திறக்கவே வேண்டாம். இது அண்ணனுக்கு அத்துப்படியான வேலை, எண்ணெய் போடுகிறவன் தினமும் தொடுகிற சக்கரம் அது. பேனல்காரர் பிரேக்கைப் பிடித்தார். அண்ணன் சுற்றினார். கயிற்றில் அடித்திருந்த மஞ்சள் குறி மூன்றாவது மாடிக்கு நேராக வந்ததும் கீழே நாங்கள் கதவைத் திறந்தோம்.

முதலில் இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய் வந்தார். அப்புறம் பார்சல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆள். அப்புறம் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெரியவர், சட்டை முழுக்க வியர்வை. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு கடைசியாக அண்ணி வந்தார். பெரியவரை மாடிப்படியில் உட்கார வைத்து, தன் துணி மூட்டையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தார்.

அண்ணன் மேலிருந்து இறங்கி வந்தார். கையெல்லாம் கிரீஸ், புதுச் சட்டையிலும் கிரீஸ். இரண்டு படி மேலேயே நின்றுவிட்டார்.

"வந்துட்டீங்களா" என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

பெரியவர்தான் பேசினார். வாய் ஓயாமல் பேசினார். "இந்தம்மா இல்லைன்னா நான் உள்ளயே போய்ச் சேர்ந்திருப்பேன். எங்க வீட்டுக்காரர் இந்த லிப்டு கம்பெனிதான், பட்டன் அழுத்தியாச்சு, பத்து நிமிஷத்துல வந்துடுவார், பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. பத்து நிமிஷம் ஆச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவார்னாங்க. ஒன்றரை மணி நேரமும் அதையேதான் சொன்னாங்க. அந்தப் பிள்ளைங்ககூட அழுகைய நிறுத்திடுச்சுங்க." பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார். அண்ணி பெரியவரின் சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றி விட்டார். அண்ணன் இரண்டு படி மேலே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

லிப்டு ஏன் நின்றது என்று பேனல்காரர் பார்த்தார். நாலாவது மாடிக் கதவுப் பள்ளத்தில் அழுக்கு கெட்டித்துக் கதவு ஒழுங்காகச் சேராமல் போயிருக்கிறது. விரலால் ஒரு பிடி எடுத்து அண்ணனிடம் காட்டினார். "ரெண்டு மாச அழுக்கு" என்றார். அதில் கிண்டல் எதுவும் இல்லை, அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஹாலில் கேக் அப்படியே இருந்தது, ஆப்பை மூடியதும் போன்கள் மறுபடி அடங்கியிருந்தன. மேனேஜர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, கதவைச் சாத்தினார். அவருக்கும் வியர்த்திருந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? நல்லது. இப்ப நிதானமா யோசிப்போம். யாரும் ஏத்துக்கிட்டேன்னு தட்டலைல்ல?"

"தட்டல சார்" என்றார் ஒருவர்.

"அப்ப நம்ம கணக்குல அந்த லிப்டு நிக்கவே இல்ல."

"என் வீட்டுக்காரி உள்ள இருந்தா சார்" என்றார் அண்ணன்.

"இருந்தாங்க. நான் இல்லைங்கல. கணக்குல இல்லைங்கிறேன்."

"நான்தான் சார் போனையெல்லாம் அப்படி வச்சேன். இப்படி ஆகும்னு தெரியாம வச்சேன். ஆனா நான்தான்."

"உங்களை யாராவது கேட்டாங்களா? யாரும் கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்றீங்க?" மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டார். "இதோ பாருங்க, உங்க கிரேடு ஆர்டர் திங்கக்கிழமைதான் மேலிடத்துல பதிவாகுது. அதுவரைக்கும் போனெல்லாம் இப்படியே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். ரெண்டு நாள்தானே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வயசுல இன்னொரு வாய்ப்பு வராது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எனக்கே ஒரு கணம், இரண்டு நாள்தானே என்று தோன்றியது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் ஒதுங்கி நின்றதைப் பார்த்தவள் நான்.

அண்ணன் தன் கிரீஸ் கையைப் பேண்ட்டில் துடைத்தார். பிறகு எழுந்து தன் பெஞ்சுக்குப் போனார். "போனைக் குடுங்க" என்றார். யாரும் அசையவில்லை. பேனல்காரர்தான் முதலில் எழுந்து தன் போனைக் கொடுத்தார். அண்ணன் ரகசிய மெனுவுக்குள் போய், வரம்பை எடுத்தார். அடுத்தது. அடுத்தது. வரம்பை எடுத்த ஒவ்வொரு போனும் அலறியது. அவர் அதை நிறுத்தாமல் அப்படியே உரியவர் கையில் கொடுத்து, "தட்டுங்க. ஏத்துக்கிட்டேன்னு தட்டுங்க" என்றார். தட்டினார்கள். அரை மணி நேரத்தில் சுவரில் படுத்திருந்த கோட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு புகார் சேர்ந்தது. மேனேஜர் தன் அறைக்குள் போய்விட்டார். கடைசிப் போனும் முடிந்ததும், அண்ணன் சாவியை ரிப்பனோடு பேனல்காரர் முன்னால் வைத்தார். பேனல்காரர் அதை உடனே எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அது மேஜையிலேயே கிடந்தது.

கிரேடு ஆர்டர் நின்றுபோனது. இருபத்தொரு நாளில் அவருக்கு ஐம்பது நிறைந்தது. மேனேஜர் முந்தைய மாதங்களின் சாதனைக்காகத் தலைமை ஆபீஸுக்கு உயர்வு பெற்றுப் போனார். போகும்போது சட்டம் போட்ட கடிதத்தை மறக்காமல் கழற்றி எடுத்துக்கொண்டார். அண்ணன் வாரத்துக்கு ஆறு டப்பா எண்ணெய் வாங்குகிறார். சில வாரம் ஏழு. போனில் ஏதாவது செய்து தரச் சொன்னால், "எனக்குத் தெரியாதுங்க" என்கிறார்.

தையல் கடைக் கட்டடத்தின் லிப்டு இப்போது எங்கள் நூற்றெண்பதில் மிகச் சுத்தமான லிப்டு. வாரத்துக்கு இரண்டு தடவை அதன் பள்ளங்களைச் சுரண்டுகிறார். எடுக்க ஒன்றுமே இல்லாதபோதும் சுரண்டுகிறார்.

அண்ணி ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவரைத் திட்டவில்லை, யாரிடமும் குறை சொல்லவில்லை. என்னிடம்கூட. ஆனால் மறுநாளிலிருந்து மாடிப்படியில்தான் ஏறுகிறார். ஐந்து மாடி, கையில் துணி மூட்டை. அண்ணன் காலையில் அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறுகிறார். மூன்றாவது மாடியில் அண்ணிக்கு மூச்சு வாங்கும், இரண்டு பேரும் கொஞ்சம் நிற்பார்கள். ஒரே ஒரு தடவை அங்கே வைத்து, "லிப்டுல போகலாமே. நேத்து நானே உக்காந்து முழுசா பாத்தேன். நல்லா ஓடுது" என்றாராம்.

"நீங்க போங்க. நான் மெதுவா வந்துடுறேன்" என்றாராம் அண்ணி, ரொம்பச் சாதாரணமாக.

அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, அண்ணிக்குப் பின்னாலேயே ஏறுகிறார்.